மரணப் பதிவேட்டின் கடைசிக் கட்டம்

பன்னிரண்டரைக்கு ஆபீசைப் பூட்டிவிடுவேன் என்று கோயில் உபதேசியார் வியாகுலம் சொல்லியிருந்தார். சுவர்க்கடிகாரத்தில் மணி பதினொன்று ஐந்து. அதற்குள் இந்தப் பங்குக் கோயிலின் பழைய மரணப் பதிவேட்டில் முப்பத்தாறு வருஷத்தில் செத்தவர்கள் எல்லாரையும் வாசித்துவிட முடியாது என்பது எமரன்சிக்குத் தெரியும், வாசிக்க வேண்டியதும் இல்லை, நேராக 1979க்குப் புரட்டினால் வந்த வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும், ஆனாலும் அவள் 1946 ஜனவரியிலிருந்துதான் தொடங்கினாள், எண் ஒன்று, ஞானப்பூ, வயது மூன்று நாள், நோய் தெரியாது, எண் இரண்டு, அடைக்கலம், வயது எழுபது, முதுமை, அவஸ்தை பூசுதல் பெற்றார், எண் மூன்று பேதி, எண் நான்கு அதே வீட்டில் அதே பேதி. எதையும் முறையாகப் பார்க்க வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் தட்டச்சு செய்தவள், நடுவிலிருந்து எதையும் எடுத்து வாசித்ததில்லை. ஆனால் முறை என்பது சாக்கு என்று அவளுடைய விரலுக்கே தெரிந்திருந்தது, அது ஒவ்வொரு வரியிலும் தேவைக்கு மேல் நின்றது. நீளவாட்டில் விரியும் புத்தகம், துணி அட்டை, ராமபாணப் பூச்சி துளைத்த ஓட்டைகள், அந்த ஓட்டை வழியாக அடுத்த வருஷத்துச் சாவின் ஒரு எழுத்து தெரிந்தது. எண், நாள், பெயர், வயது, தகப்பன் அல்லது புருஷன் பெயர், நோய், அவஸ்தை பூசுதல் மாதிரி சாகுமுன் பெற்ற தேவதிரவிய அனுமானங்கள், அடக்கிய இடம், குருவின் கையொப்பம், அதற்கப்பால் கடைசியாகக் குறிப்பு என்று ஒரு கட்டம். அந்தக் கட்டம் பக்கம் பக்கமாகக் காலியாகவே கிடந்தது. பெரும்பாலான மனிதர்களைப் பற்றிச் சொல்ல எதுவும் மிச்சமில்லை போல.

குடும்ப வரலாறு எழுதுகிறோம், மகள் கல்யாணம் வருகிறது, வம்சம் தெரிந்திருந்தால் நல்லது என்று உபதேசியாரிடம் சொல்லியிருந்தாள். கணவரிடமும் அதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னாள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும், அண்ணனுடைய நாக்கிலிருந்து. மதுரையில் அந்த நரம்பு டாக்டர், சின்னப் பெண், மகள் ரெனிஷாவைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும், நாக்கை நீட்டி அப்படியே பத்து எண்ணும்வரை வைத்திருங்கள் சார் என்றாள், கஸ்பார் அண்ணன் நீட்டினார், மூன்றுக்குள் நாக்கு தானாக உள்ளே ஓடிவிட்டது, இன்னொரு தடவை சார், மறுபடியும் ஓடிவிட்டது, ஐம்பத்துநான்கு வயது மனிதர், முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர், தன் நாக்கு தன் பேச்சைக் கேட்கவில்லை என்று வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை எமரன்சியால் பார்க்க முடியவில்லை. அதைவிட மோசமானது ஒன்றும் இருந்தது, அதை அண்ணி சொல்லித்தான் தெரியும், பள்ளிக்கூடத்துக்குக் குடித்துவிட்டு வருகிறார் என்று பெற்றோர்கள் மனுக் கொடுத்தபோது அண்ணன் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் தலைமையாசிரியர் முகத்தருகே போய் வாயை ஊதிக் காட்டினாராம். கல்யாண வீட்டில் ஒயின் ஊற்றிய கேக் என்றால் தட்டையே தள்ளிவைத்துவிடுகிறவர். குடிகாரன் மகன் குடிகாரன் ஆகமாட்டான் என்று காட்டுவதற்காகவே வாழ்ந்தவர். டாக்டர் ஒரு தாளில் சதுரமும் வட்டமும் போட்டுக் குடும்பத்தை வரைந்தாள், ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம், அண்ணன் சதுரத்தைக் கறுப்பாக அடைத்தாள், உங்கள் அப்பா என்றாள். முப்பத்தொன்பது வயதில் குடித்துவிட்டுக் கிணற்றில் விழுந்துவிட்டார் என்று எமரன்சி சொன்னாள், நாற்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம், தடங்கலே இல்லாமல் வந்தது. டாக்டர் எழுதவில்லை. பேனாவை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"குடிச்சதை யாராவது பார்த்தீங்களா, இல்லை தள்ளாடினதைத்தான் பார்த்தீங்களா?"

அண்ணனுடைய ரத்தம் எடுத்துப் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வர மூன்று வாரம், அதற்குள் அப்பா, தாத்தா பற்றி விசாரித்துச் சொல்லுங்கள், வம்சத்தில் வருகிற ஒரு வியாதி இது என்று நினைக்கிறேன், இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி என்று டாக்டர் சொன்னாள், பூவா தலையா மாதிரி என்றும் சொன்னாள், உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் மகளுக்கும் இல்லை, அதோடு முடிந்துவிடும். அன்றிலிருந்து எமரன்சி காலையில் குளியலறைக் கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பத்து எண்ணுகிறாள். பஸ்ஸில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எண்ணுகிறாள். இதுவரை பத்தும் நிற்கிறது, ஆனால் போன செவ்வாய்க்கிழமை எட்டில் கொஞ்சம் துடித்த மாதிரி இருந்தது, பயத்தில் துடித்ததா தானாகத் துடித்ததா, எப்படிப் பிரித்துச் சொல்வது. சாட்சி வாக்குமூலத்தில் 'பள்ளம்' என்று வர வேண்டிய இடத்தில் 'பல்லம்' என்று அடித்துவிட்டாள், இருபத்தாறு வருஷத்தில் அப்படி அடித்ததில்லை, அல்லது அடித்திருக்கிறாளா, அடித்துத் திருத்தி மறந்திருக்கிறாளா. இப்போது தாளின் மேல் இருக்கும் இந்த ஆள்காட்டி விரல், இது தானாக நகர்கிறதா, அவள் நகர்த்துகிறாளா. 1949. 1950. காய்ச்சல், பிரசவம், பாம்பு, காய்ச்சல். கோயில் சந்தியாகப்பர் கோயில் என்பதால் ஊரில் பாதி ஆண்களுக்குச் சந்தியாகு என்று பெயர் வைத்திருந்தார்கள், அவளுடைய தாத்தாவும் சந்தியாகுதான், எந்தச் சந்தியாகு என்றுதான் தெரியாது, அப்பா சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்தவர், அம்மா அவரைப் பார்த்ததே இல்லை. 1950இல் ஒரு சந்தியாகு, பாம்பு. 1951இல் இரண்டு சந்தியாகு, ஒருவர் முதுமை, ஒருவர் பேதி. பேதி என்றால் நல்லது என்று நினைத்தாள், நினைத்ததும் கூசியது, ஒரு மனிதன் பேதியில் போனதற்குச் சந்தோஷப்படும் இடத்துக்கு வந்துவிட்டோமே. 1953, எண் பதினேழு, சந்தியாகு, கொத்தன், வயது நாற்பத்துநான்கு, நோய் ஆட்டவாதம். விரல் நின்றது. அப்பாவும் கொத்தனார்தான். ஆனால் இந்த ஊரில் கொத்தனார்கள் ஒரு தெருவே இருந்தார்கள், இது வேறு யாராவது, நிச்சயமாக வேறு யாராவது, ஆட்டவாதம் என்று எழுதிய கைகால் ஆட்டம் குளிர்க்காய்ச்சலில் வரும் நடுக்கமாகக்கூட இருக்கலாம், அந்தக் காலத்துச் சாமியாருக்கு என்ன தெரியும். பக்கத்தைப் புரட்டினாள். 1954இலும் ஒரு சந்தியாகு இருந்தார், மரத்திலிருந்து விழுந்தவர், அவரைத் தாத்தாவாக வைத்துக்கொள்ள அவளுக்குச் சம்மதமாக இருந்தது.

உபதேசியார் எதிர் மேசையில் கல்யாண ஓலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கும் அறிவிப்புகள். ஒவ்வொன்றையும் உதடு அசைய வாசித்துப் பார்த்தார். எத்தனையாவது ஓலை உங்கள் மகளுக்கு என்று கேட்டார், இரண்டு வாசித்தாயிற்று, வரும் ஞாயிறு மூன்றாவது என்றாள். அப்புறம் என்ன, கவலை விட்டது என்றார். கவலை விட்டது. மணமக்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குக்குருவிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள், இதைச் சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள், ஒருநாளும் இது தன்னைப் பார்த்துச் சொல்லப்படுவதாக நினைத்ததில்லை, போன ஞாயிறு மட்டும் ரெனிஷா பெயரும் மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் பெயரும் தங்கள் ஊர்க் கோயில் மைக்கில் வந்த பிறகு அந்த வாக்கியம் வந்தபோது பக்கத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், கை மட்டும் செபமாலையை இறுக்கிக்கொண்டது. வியாதி என்பது திருச்சபைச் சட்டத்தில் தடை இல்லை. அவள் தேடிப் பார்த்துவிட்டாள். உறவுமுறை தடை, ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தால் தடை, வற்புறுத்தல் தடை. பாதிக்குப் பாதியில் பாதி பற்றி எதுவும் இல்லை. அப்படியானால் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் ஏன் வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பாவைப் பற்றி அவளிடம் இருப்பதே நான்கைந்து துண்டுகள்தான். ஒன்று, கால். சுண்ணாம்பு காய்ந்து வெடித்த கால்கள், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தரையில் எதையோ மிதித்துக்கொண்டிருப்பது போல அசையும், அந்தக் கால்மேல் ஏறி உட்கார்ந்தால் ஊஞ்சல் மாதிரி இருக்கும், ஆறு வயதில் அவளுக்கு அது விளையாட்டு. இரண்டு, சோற்றுத் தட்டு கவிழ்ந்தது. மூன்று, சாரத்தில் ஏற வேண்டாம் என்று மேஸ்திரி வாசலில் வந்து சொல்லிவிட்டுப் போனது, அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான்கு, தெருவில் அவர் நடந்து வரும்போது பின்னால் பிள்ளைகள் அதே மாதிரி வளைந்து வளைந்து நடந்து காட்டியது, அவளும் அவர்களோடு சேர்ந்து ஒருநாள் அப்படி நடந்து காட்டினாள், அப்பா திரும்பிப் பார்த்தார். இதைச் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் சொன்னதில்லை. குடித்தே அழிந்தான் உங்கப்பன் என்று அம்மா சொல்வாள், யார் கேட்டாலும் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொல்வாள், அடக்கம் முடிந்த மாதமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டாள், இந்த ஊர்ப் பக்கம் திரும்பவே இல்லை. எமரன்சியைப் பெண் பார்க்க வந்தபோதும் முதல் வாக்கியமே அதுதான், அவ அப்பா குடிகாரர், அதில்தான் போனார், மறைக்க ஒன்றுமில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்த நேர்மையைப் பார்த்துத்தான் சம்மதித்தார்கள் என்று பிறகு கணவர் சொன்னார். கோர்ட்டில் 'குடிபோதையில்' என்ற சொல்லை அவள் எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கசப்போடுதான் அடித்தாள், அது அப்பாவின் இனிஷியல் மாதிரி. மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். உபதேசியார் நாற்காலியை நகர்த்தினார். இனிச் சாக்கு இல்லை. நடுவிலிருந்த கனத்தை அப்படியே தூக்கிப் புரட்டினாள், 1977, 78, 79, ஆகஸ்ட், எண் இருபத்திமூன்று, மதலைமுத்து, வயது முப்பத்தொன்பது, தகப்பன் சந்தியாகு, நோய் என்ற இடத்தில் 'கிணற்றில் தவறி விழுந்து', அடக்கிய இடம் 'கல்லறைத் தோட்டம், உள்ளே', அந்த 'உள்ளே' என்பதன் கீழே ஒரு கோடு. குறிப்பு என்ற கட்டம் நிறைந்து கீழே அடுத்த இரண்டு எண்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. நீல மை, பொடி எழுத்து, சாமியாரின் கையெழுத்து.

'இவன் குடித்து விழுந்தான் என்று இவன் பெண்சாதியும் ஊராரும் சொல்லுகிறார்கள். ஒரு மணி நேரம் தண்ணீரில் கிடந்து எடுத்த உடலின் சட்டையில் சாராய வாடை இருந்தது. வாயில் இல்லை. நானே குனிந்து பார்த்தேன். இந்த ஐந்து வருஷத்தில் இவனை ஒருநாளும் குடித்த நிலையில் கண்டதில்லை. கைகால் இவன் வசத்தில் இல்லை. தகப்பனுக்கும் இப்படியே இருந்ததென்று மூத்த உபதேசியார் சொல்லுகிறார். 1953, எண் 17 பார்க்க. வேறு பலர் குதித்தான் என்று சொல்லி, தற்கொலை செய்தவனுக்கு உள்ளே இடமில்லை என்று வெளியே புதைக்கக் கேட்டார்கள். நான் சம்மதிக்கவில்லை.'

அவள் முதலில் எழுத்துப்பிழை பார்த்தாள். அது அவளுடைய பழக்கம், பிழை எதுவும் இல்லை. இரண்டாம் தடவை வாசித்தபோது 'வாயில் இல்லை' என்ற இடத்தில் நின்றாள், மூன்றாம் தடவையும் அங்கேயே நின்றாள். குடிக்கவில்லை. அப்பா குடிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகி இறங்கியது, நாற்பத்துநான்கு வருஷமாக இறுகியிருந்தது, ஆனால் அது இறங்கி முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது, தகப்பனுக்கும் இப்படியே. இரண்டும் ஒரே மையில், ஒரே கையில். அப்பாவை மீட்டுக்கொடுத்த வரிதான் அவளையும் டாக்டரின் அந்தத் தாளில் வட்டமாகப் போட்டு நடுவில் கேள்விக்குறி இடுகிறது. அவர் குடிகாரராகவே இருந்திருந்தால் தனக்குத் தப்பித்துக்கொள்ள இடம் இருந்திருக்கும் என்று நினைத்தாள், இப்படியும் ஒரு மகள் நினைப்பாளா, நினைக்கிறாளே. அப்புறம்தான் சட்டை. தண்ணீரில் கிடந்தவர் சட்டையில் சாராயம் எப்படி நிற்கும். கிணற்றிலிருந்து எடுத்துக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள், எல்லாரும் கட்டில் தேடவும் ஆள் கூப்பிடவும் போனார்கள், அவள் உரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள், அம்மா மட்டும் உள்ளே, அம்மா கையில் ஒரு பச்சைப் போத்தல், சோளத்தட்டைத் துண்டால் மூடியிருந்த போத்தல். அந்தப் போத்தலை அவள் மறக்கவே இல்லை. அப்பாவுடைய போத்தலை அம்மா ஒளித்துவைக்கிறாள், ஊர் பார்க்கக் கூடாது என்று, அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் ஒளித்துவைக்கிறவள் ஏன் மூடியைத் திறக்க வேண்டும். திறந்தாளே. கவிழ்த்தாளே. அதற்கு முன்னால் அந்த வீட்டில் அப்படி ஒரு போத்தலை எமரன்சி பார்த்ததே இல்லை, அதற்குப் பிறகும் பார்த்ததில்லை. அம்மா அதை எத்தனை நாளாக வாங்கி வைத்திருந்தாள். சாரத்தில் ஏற வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கா. மாமனார் எப்படிப் போனார் என்று யாரோ காதில் சொன்ன அன்றைக்கா. குடிகாரன் மகளைக் கட்டுவார்கள். ஆட்டவாதக்காரன் மகளை, ஆட்டவாதக்காரனுக்குப் பேத்தியை, யார் கட்டுவார்கள். செத்த புருஷனின் ஈரச் சட்டையில் பிள்ளைகளின் கல்யாணத்தை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள், முப்பத்திரண்டு வயதுப் பெண். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவள். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பொய்யைத் தன் வாயாலேயே தினமும் தண்ணீர் விட்டு வளர்த்தாள், அவர் பெயரைக் கெடுத்துக் கெடுத்து, அவர் மேல் பாசம் இருந்ததா இல்லையா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி.

"மதலைமுத்து கொத்தனாருதானே?" என்றார் உபதேசியார். அவர் எப்போது எழுந்து வந்து நின்றார் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தைத் தலைகீழாகவே பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். தனக்கு அப்போது பதினெட்டு வயது என்றும், இதை எழுதிய சின்னப்பச் சாமியார் கல்லறைக் கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டு, வெளியே புதைப்பதென்றால் என்னையும் சேர்த்துப் புதையுங்கள் என்று நின்றார் என்றும் சொன்னார். ஊர் மூன்று மாதம் பூசைக்கு வரவில்லையாம். கல்லறையைக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டு, சிலுவை எதுவும் இருக்காது, அந்த வரிசையில் மேலே மேலே புதைத்துவிட்டார்கள் என்று அவரே சேர்த்துக்கொண்டார். அவள் மரணச் சான்றிதழ் கேட்டாள். தருகிறேன், ஆனால் அச்சடித்த ஃபாரத்தில் குறிப்புக்கு இடம் கிடையாது என்றார்.

"அந்தக் கடைசிக் கட்டம் சர்டிபிகேட்ல வராது தாயி. நீங்களே எழுதிக்கங்க. நான் அவசரப்படுத்தலை."

அவள் எழுதினாள். கைப்பைக்குள் பேனா இருந்தது, ரெனிஷாவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது, அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, வேறு தாள் இல்லை. பிறகு 1953க்குத் திரும்பி எண் பதினேழையும் எழுதினாள், நோய் ஆட்டவாதம், மகன் மதலைமுத்து என்று பொடியாக அங்கேயே இருந்தது, முதலில் அதை வாசிக்காமல்தான் புரட்டியிருக்கிறாள். எழுத்து கோணாமல் வந்தது. கோணாமல் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து எழுதினாள், இனி எவ்வளவு நாளைக்கு இப்படித் தன் கையையே வேவு பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறோம் என்று அலுப்பாக இருந்தது, மதுரைக்குப் போய்த் தன் ரத்தத்தையும் கொடுத்துவிடலாம் என்று அந்த அலுப்பில்தான் தோன்றியது, தைரியத்தில் அல்ல.

கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணி எடுத்து அவர் காதில் வைத்தாள். எமரன்சி ஒன்றும் விளக்காமல் சாமியார் எழுதியதை அப்படியே வாசித்தாள். கோர்ட்டில் வாக்குமூலம் வாசித்துக் காட்டுவது போலத்தான் குரல் வந்தது, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி. இன்னொரு தடவை வாசி என்றார் அண்ணன், வாசித்தாள். போத்தலைப் பற்றியும் சொன்னாள். அம்மாவை எப்படி மன்னிப்பது என்றே தெரியவில்லை என்று சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. அண்ணனுக்கு இப்போதெல்லாம் ஒரு வாக்கியத்தைக் கூட்டி முடிக்க நேரம் ஆகும், சொல் வாயில் வந்து வழுக்கும், அவள் பொறுத்திருந்தாள்.

"அம்மாவைத் திட்டாத," என்றார். "அவ ஊத்தினதுலதான்... உனக்குக் கல்யாணமே நடந்துச்சு."

ஆமாம் என்றாள். அதுதான் நிஜம், அந்தப் பொய் இல்லாவிட்டால் கணவர் இல்லை, ரெனிஷா இல்லை, ரெனிஷாவின் மூன்றாவது ஓலை இல்லை. அண்ணன் இன்னும் ஏதோ சொல்ல முயன்றார். அவள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஆனா அப்பா... பாவம். எல்லாரும் சிரிச்சாங்க. நான்... ஊதியாச்சும் காட்டினேன்."

போனைக் கைப்பைக்குள் அந்தப் பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தாள். தெருவில் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து காட்டியது, அப்பா திரும்பிப் பார்த்தது, அந்தப் பார்வையில் கோபம் இருந்ததாகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தாள், இப்போது நினைத்தால் கோபம் இல்லை, அவர் அவளுடைய கால்களைத்தான் பார்த்தார், அந்தக் கால்கள் விளையாட்டுக்காக வளைகின்றனவா, தானாக வளைகின்றனவா என்று. ஊர் திரும்புவதற்கான காரைக்குடி பஸ் இரண்டு மணிக்குத்தான். அம்மாவுக்கு அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, கேள்வி கேட்கும் சின்ன டாக்டர் இல்லை, ஒரு போத்தல்தான் இருந்தது. தனக்கு அப்படி இல்லை. சொல்லாமலிருந்தால் ஓலை தடையில்லாமல் வாசிக்கப்படும், பத்திரிகையின் பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்க்கமாட்டார்கள், கைப்பைக்குள் அது கிடந்து பழசாகும், அவளும் தன் மகளைப் பார்க்கும்போதெல்லாம் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மகள் அதைக் கோபம் என்று நினைத்துக்கொள்வாள். சொன்னால் ஃபெலிக்ஸ் போய்விடலாம். இருந்தும்விடலாம். அது அவர்கள் இருவரும் பார்த்துக்கொள்ள வேண்டியது. திருச்சியில் வேலையிலிருக்கும் மகளைக் கூப்பிட்டாள், இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், என்னம்மா, எங்கே இருக்கிறாய், ஒரே காக்காய்ச் சத்தமாக இருக்கிறது என்றாள். சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது ஃபெலிக்ஸையும் கூட்டிக்கொண்டு வா என்றாள் எமரன்சி.

"எதுக்கும்மா, அவனுக்கு ஆபீஸ் இருக்குமே?"

"லீவு போடச் சொல்லு. உன் தாத்தாவைப் பத்தி உங்க ரெண்டு பேர்கிட்டயும் பேசணும்."

"எந்தத் தாத்தா? அந்தக் குடிச்சிட்டுக் கிணத்துல விழுந்தவரா?"

"அவர் குடிக்கலை," என்றாள் எமரன்சி.